ரிமோட் வேலை விளம்பரங்கள்: நிரலாளர்கள் தேடும் இடங்களும் அவற்றின் பின்னாலுள்ள கணக்கும்

2021 ஆகஸ்ட் 19 அன்று, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் தன் வேலைவாய்ப்புப் பலகையை மூடியது. ஏழு மாதம் கழித்து, 2022 மார்ச் 31 அன்று, நிரலாக்கக் கேள்வி-பதில் தளமான ஸ்டேக் ஓவர்ஃப்ளோவும் தன்னுடையதை நிறுத்தியது. நிரலாளர்கள் நாள்தோறும் புழங்கும் இரண்டு தளங்கள், அதுவும் கொரோனாவை ஒட்டி ரிமோட் வாய்ப்புகள் குவிந்துகொண்டிருந்த காலத்தில், இந்தத் தொழிலை விட்டு விலகின. ஸ்டேக் ஓவர்ஃப்ளோ 2024இல் இன்டீட் என்ற வேலைத்தேடல் நிறுவனத்தின் துணையோடு வேலைப் பகுதியை மீண்டும் திறந்தாலும், பழைய இடம் அதற்குத் திரும்பக் கிடைக்கவில்லை. ரிமோட் வேலையை எங்கே தேடுவது என்ற கேள்விக்கு இன்று ஒற்றை விடை கிடையாது. தேடுவதற்கான இடங்களுக்கோ பஞ்சமில்லை. அந்த இடம் யாருடைய காசில் ஓடுகிறது, அங்கே விளம்பரம் செய்யும் நிறுவனத்தால் எந்த நாட்டில் இருப்பவருக்குச் சம்பளம் கொடுக்க முடியும் என்ற இரண்டையும் பார்க்காமல் தேடுகிறவர்தான், விண்ணப்பம் மேல் விண்ணப்பம் போட்டும் பதில் வராமல் சோர்ந்துபோகிறார்.

ரிமோட் வேலைக்கென்றே உருவான பலகைகளில் மூத்தவற்றுள் ஒன்று வீ வொர்க் ரிமோட்லி. பேஸ்கேம்ப் என்ற மென்பொருளை உருவாக்கிய 37சிக்னல்ஸ் நிறுவனத்திலிருந்து 2013இல் வெளிவந்தது அது. பீட்டர் லெவல்ஸ் என்ற டச்சு நிரலாளர் தனியாளாக எழுதிய ரிமோட் ஓகே 2015இல் வந்தது. இரண்டிலும் ஒரு விளம்பரம் போட நிறுவனம் சில நூறு டாலர் கொடுக்க வேண்டும். காசு கொடுத்துப் போடுவதால் வெறும் பெயருக்குப் போடும் விளம்பரங்கள் ஓரளவு குறையும் என்பது உண்மைதான். ஆனால் உலகம் முழுவதும் பார்க்கும் பலகை என்பதால், ஒரு விளம்பரம் ஏறிய சில மணி நேரத்திலேயே விண்ணப்பங்கள் மலைபோல் குவிந்துவிடுகின்றன. ஃப்ளெக்ஸ்ஜாப்ஸ் இதற்கு நேர்மாறான வழியில் போகிறது. அங்கே வேலை தேடுபவரே சந்தா கட்ட வேண்டும். விளம்பரங்களை ஆட்களைக் கொண்டு சரிபார்ப்பதாகச் சொல்லும் அந்தத் தளத்தின் பட்டியல் பெரும்பாலும் அமெரிக்காவில் இருப்பவர்களுக்கானது. இந்தியாவில் இருந்துகொண்டு அதற்குக் காசு கட்டுவது எனக்கு உசிதமாகப் படவில்லை.

லிங்க்ட்இன்னைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள், பலர் அங்கேயே நின்றும்விடுகிறார்கள். ஒரே சொடுக்கில் விண்ணப்பிக்கும் வசதி இருப்பதால் விண்ணப்பத்தின் மதிப்பே அங்கே தேய்ந்துவிட்டது. இந்தியா, ரிமோட் என்று வடிகட்டினால் வருபவற்றில் உள்நாட்டு நிறுவனங்களும் ஆள் எடுத்துக் கொடுக்கும் ஏஜென்சிகளும்தான் மிகுதி. நௌக்ரி 1997 முதல் இருக்கிறது. வீட்டிலிருந்து வேலை என்ற வடிகட்டி அதிலும் உண்டு. இந்திய நிறுவனத்தில் ரூபாய்ச் சம்பளத்தில், பி.எஃப். பிடித்தத்தோடு வீட்டிலிருந்து வேலை பார்த்தால் போதும் என்பவருக்கு இவை இரண்டுமே போதுமானவை. வெளிநாட்டு நிறுவனத்தை நேரடியாக அடைய விரும்புபவருக்குத்தான் தேடல் இங்கிருந்து வேறு திசையில் பிரிகிறது.

அந்தத் திசையில் இருக்கும் இடங்களில், தொழில்நுட்பச் செய்திகளைப் பகிர்ந்து விவாதிக்கும் ஹேக்கர் நியூஸ் தளத்தின் மாதாந்தர ஆள்சேர்ப்புப் பதிவுக்குத் தனி மதிப்பு உண்டு. ஒவ்வொரு மாதமும் முதல் வேலைநாளில், அமெரிக்கக் கிழக்குக் கரை நேரம் காலை 11 மணிக்கு, அதாவது நமக்குக் கோடையில் இரவு 8:30க்கும் குளிர்காலத்தில் 9:30க்கும், யார் ஆள் எடுக்கிறீர்கள் என்று கேட்டு ஒரு பதிவு அங்கே வருகிறது. அதன் கீழே நிறுவனங்கள் தங்கள் தேவையை மறுமொழியாக எழுதுகின்றன. விதிகள் கறாரானவை: எழுதுபவர் அந்த நிறுவனத்தில் இருப்பவராக இருக்க வேண்டும், ஏஜென்சிகளுக்கும் பிற வேலைப் பலகைகளுக்கும் இடமில்லை, ஒரு நிறுவனத்துக்கு ஒரு பதிவுதான், உண்மையிலேயே ஆள் தேவைப்பட்டு, விண்ணப்பிப்பவர்களுக்குப் பதில் எழுதும் உத்தேசம் இருந்தால் மட்டுமே எழுத வேண்டும். பணம் எதுவும் கைமாறுவதில்லை. சிறிய நிறுவனம் என்றால் தொழில்நுட்பத் தலைவரே தன் மின்னஞ்சல் முகவரியோடு எழுதியிருப்பார். நிரலாளர்கள் அந்தப் பதிவைப் பொறுமையாக வாசிப்பதன் காரணம் இதுதான்.

அப்பதிவுகளை வாசிக்கும் முறை ஒன்று உண்டு. நிறுவனத்தின் பெயரை அடுத்து, "பேக்எண்ட் நிரலாளர் | ரிமோட் (மத்திய ஐரோப்பிய நேரம், கூட்டியோ குறைத்தோ 3 மணி) | முழுநேரம் | கோ, போஸ்ட்கிரெஸ்" என்பது போல முதல் வரி அமைந்திருக்கும். அடைப்புக்குறிக்குள் இருப்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. அங்கே அமெரிக்கா மட்டும் என்றிருந்தால் அடுத்த பதிவுக்குப் போய்விடலாம். அந்த வரம்பு பெரும்பாலும் சட்டம் சார்ந்தது, நம் திறமையைக் காட்டித் தளர்த்த முடியாதது. நேர மண்டலத்தை மட்டும் குறிப்பிட்டிருந்தால் நிலைமை வேறு. கோடையில் பெர்லினுக்கும் நமக்கும் மூன்றரை மணி வித்தியாசம். மேலே சொன்ன வரம்பை நாம் தாண்டுவது அரை மணி அளவுதான். மதியத்திலிருந்து இரவு ஒன்பது வரை வேலை செய்யத் தயார் என்று முதல் பத்தியிலேயே எழுதிவிட்டால் அதைப் பெரிய தடையாக யாரும் பார்ப்பதில்லை. அதே நாளில் வேலை தேடுபவர்களுக்கென்று இன்னொரு பதிவும் வருகிறது. இருக்குமிடம், ரிமோட்டா, இடம்பெயர விருப்பமா, தெரிந்த தொழில்நுட்பங்கள், ரெஸ்யூமே, மின்னஞ்சல் என்று ஆறு வரியில் தங்களைப் பற்றி எழுதிவைக்கலாம். அதைப் பார்த்துவிட்டு நிறுவனர்கள் தாமாக எழுதுவதும் உண்டு.

ஒரு மொழியிலோ கருவியிலோ ஊறியவர்களுக்கு இன்னும் நெருக்கமான இடங்கள் இருக்கின்றன. பைதான் மொழியின் அதிகாரபூர்வத் தளத்திலேயே வேலைப் பலகை உண்டு. தன்னார்வலர்கள் சரிபார்த்த பிறகே விளம்பரம் வெளியாகிறது. இணையதளங்களை உருவாக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் திட்டமும் அப்படியொரு பலகையை இலவசமாக நடத்துகிறது. ரஸ்ட் மொழிக்காரர்களின் வாராந்தர மடலில் வேலைப் பகுதி உண்டு. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு வேலைகளுக்கென்றே தனி மின்னஞ்சல் குழு பல காலமாக இயங்குகிறது. இவற்றில் மாதத்துக்கு வருவது கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சத்துக்குப் போட்டியிடுபவர்களும் கொஞ்சம்தான். பொதுப் பலகையில் ஆயிரத்தில் ஒருவராக நிற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அனுபவம் உள்ளவர்கள் பலகைகளைத் தேடுவதைக் குறைத்துக்கொண்டு, நிறுவனங்களையே தேடுகிறார்கள். ஆள்சேர்ப்புக்கு வெளிநாட்டு மென்பொருள் நிறுவனங்கள் பெரும்பாலும் கிரீன்ஹவுஸ், லீவர், ஆஷ்பி போன்ற மென்பொருள்களில் ஒன்றைப் பயன்படுத்துகின்றன. இவை ஒவ்வொன்றும் வாடிக்கையாளர் நிறுவனங்களின் காலியிடங்களை எல்லோரும் பார்க்கும்படி ஒரே முகவரியின் கீழ் வைத்திருக்கின்றன. கூகுள் தேடலைக் குறிப்பிட்ட ஒரு தளத்துக்குள் மட்டும் தேடும்படி கட்டுப்படுத்தும் குறியீட்டோடு அந்த முகவரியைக் கொடுத்து, ரிமோட், இந்தியா, வேண்டிய தொழில்நுட்பம் என்று சேர்த்துத் தேடினால், எந்தப் பலகைக்கும் இன்னும் வந்து சேராத காலியிடங்கள் கிடைக்கும். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. வேலை நிரம்பியதும் நிறுவனம் அந்தப் பக்கத்தை எடுத்துவிடும். அதே விளம்பரத்தை நகலெடுத்துப் போட்ட பலகைகளிலோ அது வாரக்கணக்கில் உயிரோடு திரியும். ரிமோட்டாக ஆள் எடுக்கும் நிறுவனங்களை, எந்தெந்தப் பகுதிகளில் எடுக்கின்றன என்ற குறிப்போடு தொகுத்த பொதுப் பட்டியல் ஒன்று கிட்ஹப்பில் பலரது கைச்சேர்க்கையால் வளர்ந்து வந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு முப்பது நாற்பது நிறுவனங்களைத் தேர்ந்து அவற்றின் பக்கங்களைத் தொடர்ந்து பார்த்துவருவது பலன் தரும் வழி. அலுவலகமே இல்லாமல் இயங்கி 2021 அக்டோபரில் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலான, நிரல் உருவாக்கத் தளம் நடத்தும் கிட்லேப், எப்படி ஆள் எடுக்கிறது என்பதைத் தன் பொதுக் கையேட்டிலேயே எழுதிவைத்திருக்கிறது. எல்லா நிறுவனங்களும் இப்படி இருந்துவிட்டால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது.

நாடு எதற்கு ஒரு தடையாக வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். இணையம் இருக்கிறது, மடிக்கணினி இருக்கிறது. நிரல் எங்கிருந்து எழுதினால் என்ன என்பது நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு நாட்டில் ஊழியர் இருக்கிறார் என்றால் அந்நாட்டின் தொழிலாளர் சட்டம், சம்பளப் பிடித்தம், பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் நிறுவனத்தின் தலையில் வந்து சேர்கின்றன. சில சூழல்களில் அந்நாட்டில் நிறுவனத்துக்கு நிலையான தொழிலகம் இருப்பதாக வருமான வரித் துறை கருதி, லாபத்துக்கே வரி கேட்கும் அபாயமும் உண்டு. ஒரே நாட்டுக்குள்கூட இந்தச் சிக்கல் எழுந்திருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம், வேலை விளம்பரங்களில் சம்பள வரம்பைக் குறிப்பிட வேண்டும் என்ற சட்டத்தை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, அம்மாநிலத்திலிருந்து செய்யக்கூடிய ரிமோட் வேலைகளுக்கும் அது பொருந்தியது. சம்பளத்தை வெளியே சொல்ல விரும்பாத சில நிறுவனங்கள், கொலராடோவில் வசிப்பவர்கள் மட்டும் விண்ணப்பிக்க வேண்டாம் என்று விளம்பரத்திலேயே எழுதின. ஒரு மாநிலச் சட்டத்துக்கே இப்படி ஒதுங்குகிறவர்கள் ஏழு கடல் தாண்டி ஓர் ஊழியரை வைத்துக்கொள்ள எவ்வளவு தயங்குவார்கள் என்று யூகித்துக்கொள்ளலாம். பின்னர் நியூயார்க் நகரமும் கலிஃபோர்னியாவும் இதேபோன்ற சட்டங்களைக் கொண்டுவந்ததால், அமெரிக்க ரிமோட் விளம்பரங்களில் சம்பள வரம்பைப் பார்ப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. நாம் விண்ணப்பிக்க முடியாத விளம்பரமாக இருந்தாலும், பேரம் பேசும்போது கையில் வைத்துக்கொள்ள அது பயன்படும்.

இவற்றையெல்லாம்விட நம் நாட்டு நிரலாளர்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு விதி அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 174ஆம் பிரிவில் இருக்கிறது. அதைப் பற்றி நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை. 2017இல் இயற்றப்பட்ட வரிச் சட்டத்தின்படி, 2022ஆம் ஆண்டு முதல், மென்பொருள் உருவாக்கத்துக்கான செலவை நிறுவனங்கள் வரிக்கு உட்படும் வருமானத்திலிருந்து அந்த ஆண்டிலேயே முழுவதும் கழித்துக்கொள்ள முடியாமல் போனது. உள்நாட்டில் செய்த வேலை என்றால் 5 ஆண்டுகளிலும் வெளிநாட்டில் செய்த வேலை என்றால் 15 ஆண்டுகளிலும் பிரித்துத்தான் கழிக்க வேண்டும் என்றானது. இந்தக் கழிவு ஆண்டின் நடுவில் தொடங்குவதாகக் கொள்ளப்பட்டு முதல் ஆண்டுக்குப் பாதியே கிடைப்பதால், இந்தியாவில் இருக்கும் நிரலாளருக்கு ஓராண்டில் 1,00,000 டாலர் கொடுத்த நிறுவனம் முதல் ஆண்டில் ஏறத்தாழ 3,333 டாலரை மட்டுமே செலவாகக் காட்ட முடியும். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான புதிய சட்டம் உள்நாட்டுச் செலவை மீண்டும் உடனடியாகக் கழித்துக்கொள்ள அனுமதித்தது. வெளிநாட்டுச் செலவுக்கான 15 ஆண்டு விதியை அப்படியே விட்டுவிட்டது. லாபம் ஈட்டத் தொடங்கிய சிறிய அமெரிக்க நிறுவனம் ஒன்று, நம்மை எடுத்தால் கிடைக்கும் சம்பள மிச்சத்தை இந்த வரிச் சுமையோடு வைத்துத்தான் எடைபோடும். இன்னும் நஷ்டத்தில் ஓடும், முதலீட்டாளர் பணத்தில் வளரும் ஸ்டார்ட்அப்களுக்கு இது அவ்வளவாக உறைக்காது. ஐரோப்பிய, ஆஸ்திரேலிய நிறுவனங்களுக்கு இந்த விதியே கிடையாது. அமெரிக்கப் பலகைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் பார்வையைக் கொஞ்சம் திருப்ப இதுவே போதிய காரணம்.

நாட்டுத் தடையைத் தாண்டச் சில ஏற்பாடுகள் இருக்கின்றன. டீல், ரிமோட் (இதுவும் ஒரு நிறுவனத்தின் பெயர்), ஆய்ஸ்டர் போன்ற நிறுவனங்கள் அந்தந்த நாட்டில் சட்டப்படியான முதலாளியாகத் தாங்களே இருந்து, ஊழியரை வெளிநாட்டு நிறுவனத்துக்காக வேலை பார்க்க வைக்கின்றன. கட்டணம் ஊழியர் ஒருவருக்கு மாதம் 600 டாலரை ஒட்டி இருக்கும். அந்தச் செலவும் வேண்டாம் என்று நினைக்கும் நிறுவனங்கள் காண்ட்ராக்டராக எடுக்கின்றன. அப்போது மாதாமாதம் இன்வாய்ஸ் அனுப்பிப் பணம் பெறுவதும், முன்கூட்டிய வரி கட்டுவதும், ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு செய்வதும் நம் பொறுப்பு. சேவை ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டி விகிதம் பூஜ்யம் என்றாலும் பதிவும் கணக்குத் தாக்கலும் உண்டு. சம்பளத்தோடு கூடிய விடுப்பு, மருத்துவக் காப்பீடு, பி.எஃப். எதுவும் இருக்காது. டாலரில் சொல்லப்படும் தொகையை ரூபாயில் பெருக்கிப் பார்த்து மகிழ்வதற்கு முன் இவற்றைக் கழித்துப் பார்ப்பது நல்லது.

முழுநேர வேலைக்குப் பதிலாகத் துண்டு வேலைகளில் தொடங்குபவர்களுக்கு அப்வொர்க் பழக்கமான பெயர். 1999இல் தொடங்கிய ஈலான்ஸும் 2003இல் தொடங்கிய ஓடெஸ்க்கும் இணைந்து 2015இல் இப்பெயரைப் பெற்றன. அங்கே ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கவே கனெக்ட்ஸ் என்ற டோக்கன்களைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். கிடைத்த வேலையின் வருமானத்திலும் தளத்துக்கு ஒரு பங்கு போகிறது. 2023இல் சீராக 10 விழுக்காடாக இருந்த அந்தப் பங்கு, 2025 மே முதல் ஒப்பந்தத்தைப் பொறுத்து 0 முதல் 15 வரை என்று மாறியது. டாப்டல், டியூரிங், ஆண்டெலா போன்றவை வேறு வகை. அவை தேர்வு வைத்து வடிகட்டி, தேறியவர்களைத் தங்கள் வாடிக்கையாளர் நிறுவனங்களோடு சேர்த்துவைக்கின்றன. தேர்வுக்குச் செலவாகும் நேரம் அதிகம். வாடிக்கையாளர் கொடுப்பதில் எவ்வளவு நம் கைக்கு வருகிறது என்பது பல சமயம் தெரியவே தெரியாது. முதல் வெளிநாட்டு அனுபவத்துக்கு இவை ஒரு வாசல். அங்கேயே ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுவதில் லாபம் இடைத்தரகருக்குத்தான் என்பது என் கருத்து.

வேலை தேடுபவர்களைக் குறிவைக்கும் மோசடிகளும் இதே இடங்களில் உலவுகின்றன. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், மடிக்கணினிக்கு முன்பணம் என்று கேட்கும் டெலிகிராம் குழுக்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. நிரலாளர்களுக்கென்றே நெய்யப்பட்ட வலை இன்னும் நுட்பமானது. பாலோ ஆல்ட்டோ நெட்வொர்க்ஸின் ஆய்வுக் குழு 2023 நவம்பரில் வெளிக்கொணர்ந்த, வட கொரியாவோடு தொடர்புபடுத்தப்பட்ட ஒரு மோசடியில், நேர்காணலின் ஒரு பகுதியாக இந்த நிரலை இறக்கி உங்கள் கணினியில் ஓட்டிப் பாருங்கள் என்று ஒரு கிட்ஹப் முகவரி தரப்படுகிறது. அதற்குள் புதைத்துவைத்த தீநிரல், உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும் கிரிப்டோ பணப்பைகளையும் திருடிக்கொண்டு போகிறது. முன்பின் தெரியாத நிறுவனம் தரும் நிரலை நம் கணினியில் நேரடியாக ஓட்டாமல், தனித்து இயங்கும் மெய்நிகர் இயந்திரத்தில் ஓட்டுவதே முறை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

மறுபக்கத்தில் நிறுவனங்களும் ஏமாந்திருக்கின்றன. இணையப் பாதுகாப்புப் பயிற்சி அளிக்கும் நோபிஃபோர் என்ற அமெரிக்க நிறுவனமே, தான் ரிமோட்டாக எடுத்த பொறியாளர் திருடப்பட்ட அடையாளத்தில் வந்த வட கொரியர் என்பதை 2024 ஜூலையில் தானாக முன்வந்து வெளியிட்டது. காணொளி நேர்காணலில் கேமராவை அணைக்கக் கூடாது என்பதும், அடையாள ஆவணங்களை இரண்டு மூன்று முறை கேட்பதும் இப்போது அதிகரித்திருப்பதற்கு இத்தகைய நிகழ்வுகள் ஒரு காரணம். நேர்மையான விண்ணப்பதாரருக்கு இது எரிச்சலாக இருக்கும். ஆனால் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

விளம்பரமே ஆகாமல் நிரம்பும் இடங்களுக்கு வழி, தெரிந்தவர்களின் ரெஃபரலும், நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் திறமூல மென்பொருளுக்குச் செய்யும் பங்களிப்பும்தான். ஒரு நிறுவனம் நடத்தும் திறமூலத் திட்டத்தில் சில மாதங்கள் பிழை திருத்தி அனுப்பியவரின் எழுத்தையும் பழக்கத்தையும் அங்கிருப்பவர்கள் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள்; அவர்களுக்கு ரெஸ்யூமேயில் புதிதாகத் தெரிந்துகொள்ள அதிகம் இருக்காது. சென்னையில் லினக்ஸ் பயனர் குழுவும் சென்னைப்பை என்ற பைதான் குழுவும் நடத்திவரும் கூட்டங்கள் இந்த உலகத்துக்குள் நுழைய நல்ல இடங்கள்.

அழைப்பு வந்த பிறகு நடப்பதும் உள்ளூர் நேர்காணலைப் போல இருக்காது. வேர்ட்பிரஸ் டாட் காம் தளத்தை நடத்தும் ஆட்டோமாட்டிக் நிறுவனம் பல ஆண்டுகளாக விண்ணப்பதாரர்களிடம் எழுத்து உரையாடல் வழியாகவே பேசி, பிறகு மணிக்கு 25 டாலர் கொடுத்துச் சோதனைப் பணி ஒன்றைச் செய்யச் சொல்லித் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறது. உபுண்டு இயங்குதளத்தை உருவாக்கும் கனானிக்கல், பள்ளிக்கால மதிப்பெண் வரை கேட்கும் நீண்ட எழுத்து வினாத்தாளுக்குப் பேர்போனது. சரளமாகப் பேசும் ஆங்கிலத்தைவிட, தெளிவாக எழுதும் ஆங்கிலமே இங்கெல்லாம் எடுபடுகிறது. இவையெல்லாம் கூடிவந்த பிறகும் நம் ஊர்க்காரர்களின் கையை விட்டு வேலை நழுவக் காரணமாக இருப்பது நோட்டீஸ் பீரியட். இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் சேர்வார் என்று எதிர்பார்க்கும் சிறிய வெளிநாட்டு நிறுவனத்திடம் கடைசிக் கட்டத்தில் 90 நாள் என்று சொன்னால், அடுத்த விண்ணப்பதாரரைத்தான் அது கூப்பிடும். எந்தத் தேதியில் சேர முடியும், நோட்டீஸ் காலத்தைப் பணம் கட்டிக் குறைத்துக்கொள்ளத் தற்போதைய நிறுவனம் அனுமதிக்குமா என்பதையெல்லாம் விசாரித்து வைத்துக்கொண்டு, முதல் மின்னஞ்சலிலேயே எழுதிவிட வேண்டும்.